ஐஸ் மீன் வேண்டாம் என்கிற ஊரில் சுஷி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பான் சாப்பாட்டைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அழகு. அதே இணைப்பில் இரண்டு பக்கம் தள்ளி, சமையல் குறிப்புக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம், மீன் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று. அதில் மூன்றாவது வரி: ‘ஐஸ் வைத்த மீனைத் தவிர்க்கவும்.’ ஒரு டம்ளர் காபி முடிவதற்குள் இரண்டையும் படித்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

எனக்கு வயது 64. ராயபுரம் பனைமரத்தொட்டியில் பிறந்து, கல்யாணமாகி காசிமேட்டுக்கு வந்தவள். அம்மா கூடையில் மீன் வைத்துத் தெருத்தெருவாக விற்றவர். நான் பத்தாவது முடித்ததும் 1979-ல் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தலை கிள்ளும் வேலைக்குப் போனேன். பிறகு கிரேடிங். ஒரு பவுண்டுக்கு 16-லிருந்து 20 இறால் நின்றால் ஒரு ரகம், 21-லிருந்து 25 நின்றால் அடுத்த ரகம். தராசு இல்லாமல் கையிலேயே சொல்லிவிடுவேன். 2006-ல் முழங்கால் ஒத்துழைக்காமல் நின்றேன். எங்கள் கையைத் தாண்டிப்போன சரக்கில் பெரும்பகுதி ஜப்பானுக்குத்தான். அந்தக் காலத்தில் இந்திய இறாலை அதிகம் வாங்கியவர்கள் அவர்கள்தான். ஆகவே, சுஷியை நான் போன வருஷம்தான் முதல்முறை தின்றேன் என்றாலும், ஜப்பான்காரர் வாய்க்கும் என் விரலுக்கும் 27 வருஷப் பழக்கம்.

உங்கள் கட்டுரையில் ஒரு திருத்தம். ‘சுஷி என்றால் பச்சை மீன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சுஷி என்பது வினிகர் கலந்த சோறு. அதன் மேல் பச்சை மீன் இருக்கலாம், வேகவைத்த இறால் இருக்கலாம், முட்டை இருக்கலாம், வெறும் வெள்ளரிக்காய்கூட இருக்கலாம். சோறு இல்லாமல் பச்சை மீனை மட்டும் சீவி வைத்தால் அதற்கு சஷிமி என்று பெயர். பழைய காலத்து சுஷி இன்னும் வேறு மாதிரி. உப்புப் போட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். எடுத்ததும் சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் தின்பார்கள். பிவா ஏரிப் பக்கம் இன்றும் அப்படிச் செய்கிறார்கள், ஃபுனாசுஷி என்று பெயர். நம் வீட்டுப் பழைய சோறு ராத்திரியில் புளிக்கிறதே, அந்தப் புளிப்புதான் அங்கே மீனைக் காப்பாற்றியது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பின்னாளில் சோற்றில் வினிகரை ஊற்றிக்கொண்டார்கள். சோற்றைக் கையில் பிடித்து மேலே மீன் வைக்கிற இன்றைய சுஷி 1820-களில் எடோவில் பரவியது. எடோ என்றால் டோக்கியோவின் பழைய பெயர். ஹனாயா யோஹெய் என்ற கடைக்காரர் பெயரைச் சொல்வார்கள். தள்ளுவண்டியில் விற்பது, நின்றபடியே தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவது. நீங்கள் போட்டிருக்கிற கறுப்புத் தட்டு, ஒற்றைப் பூ எல்லாம் பின்னால் வந்த அலங்காரம்.

‘சென்னை இப்போதுதான் கிழக்காசியச் சுவைக்குப் பழகுகிறது’ என்ற வரிக்கும் ஒரு வார்த்தை. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்தவர்கள் எங்கள் பக்கம் அத்தோ, மொய்ங்கா என்ற பர்மா நூடுல்ஸ் வகைகளைக் கொண்டுவந்து அறுபது வருஷம் ஆகப்போகிறது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே வாழைத்தண்டு சூப்போடு அத்தோ தின்ற பிள்ளைகள் தாத்தாவாகிவிட்டார்கள். வடசென்னையையும் சென்னையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சுஷி தின்ற கதைக்கு வருகிறேன். பேத்தி முதல் சம்பளம் வாங்கியதும், “ஆயா, உன்னை ஜப்பான் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். நுங்கம்பாக்கம் பக்கம் ஓர் இடம். சமைத்தவர் மணிப்பூர் பையன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவர் வேலை செய்வதைப் பார்க்கும்படியாக உட்காரவைத்தார்கள். அது எனக்குச் சாப்பாட்டைவிடப் பிடித்தது. நாம் அருவாமனையை மிதித்துக்கொண்டு மீனை நகர்த்துவோம். அங்கே மீன் அசையவில்லை. கத்தியை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு இழுத்தார், ரம்பம் போல முன்னும் பின்னும் அறுக்கவில்லை. இழுத்த துண்டின் வெட்டுவாய் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. விரலை வினிகர்த் தண்ணீரில் தொட்டு, உள்ளங்கையில் தட்டி, சோற்றை அள்ளி இரண்டு மூன்று அமுக்கு. ஆட்காட்டி விரல் நுனியில் வசாபி என்ற பச்சைக் கார விழுதை எடுத்து மீனின் அடியில் ஒரு தடவல். அவ்வளவுதான். சோறு கை வைத்தால் உதிர்கிற மாதிரி இருந்தது, ஆனால் உதிரவில்லை.

பேத்தி கேட்ட ரோலில் சோறு வெளியேயும் கறுப்புக் கடற்பாசித் தாள் உள்ளேயும் இருந்தது. அது அமெரிக்கா போனபோது ஏற்பட்ட மாற்றம். லாஸ் ஏஞ்சலஸில் கொழுப்பான சூரை (டியூனா) மீன் துண்டு கிடைக்காத நாட்களில் அவகேடோவை வைத்தார்கள். அந்தக் கறுப்புத் தாளைக் கடிக்க அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை, அதை உள்ளே மறைத்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். நாம் காலிஃபிளவரை மஞ்சூரியன் ஆக்கவில்லையா, அதுபோல. அதில் எனக்கு வழக்கில்லை.

சாக்கே என்று ஒரு ஜப்பான் மதுவும் பட்டியலில் இருந்தது. உங்கள் கட்டுரையாளர் அதை ‘அரிசி ஒயின்’ என்கிறார். ஒயின் பழத்தில் செய்வது. பழத்தில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, அரிசியில் இல்லை. கோஜி என்ற ஒரு பூஞ்சணத்தை வேகவைத்த அரிசியில் வளர்த்து, அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும். இந்தக் கைப்பக்குவத்துக்கு 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. எங்கள் குப்பத்தில் சோற்றை ஊறப்போட்டுச் சுண்டக்கஞ்சி செய்தவர்களுக்கு போலீஸ் ஜீப்தான் கிடைத்தது. குடிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், எங்கள் தெருவில் அது குடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் நினைவு வந்தது, சொன்னேன்.

தட்டில் எட்டுத் துண்டு, 940 ரூபாய். “எந்த ஊர் மீன்?” என்று கேட்டேன். “நார்வே மேடம்.” எங்கள் மொட்டை மாடியில் நின்றால் விசைப்படகு தெரியும். அங்கிருந்து பஸ் பிடித்து நுங்கம்பாக்கம் வந்து நார்வே மீன் தின்கிறேன். நம்மூர் மீன் ஏன் இல்லை என்று பேத்தியை விட்டுக் கேட்கச் சொன்னேன். பொரிப்பதற்கு நம்மூர் மீன்தான் வாங்குகிறார்களாம். பச்சையாகப் போட வேண்டுமானால் இந்த மீன் எத்தனை மணிக்குப் பிடிபட்டது, அப்போதிலிருந்து எவ்வளவு குளிரில் இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும், சொல்ல ஆள் இல்லை என்றார் அந்தப் பையன். அவர் சொன்னதில் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

அந்த நார்வே மீனின் கதையை வீட்டுக்கு வந்து பேத்தியைப் படிக்கச் சொன்னேன். ஜப்பான்காரர்கள் சால்மனைப் பச்சையாகத் தின்றதே இல்லையாம். அவர்கள் கடல் சால்மனில் புழு இருக்கும், அதனால் உப்புப் போட்டுச் சுட்டுத்தான் தின்பார்கள். 1980-களில் பண்ணையில் வளர்த்த சால்மன் நார்வேயில் மிஞ்சிப்போனது. தீவனம் தின்று வளரும் மீனில் அந்தப் புழுத் தொல்லை இல்லை, பச்சையாகத் தின்னலாம் என்று ஜப்பானிடமே சொல்லி வருஷக்கணக்கில் அலைந்து விற்றிருக்கிறார்கள். இன்றைக்கு சுஷி என்றதும் எல்லோரும் படம் போடுகிற ஆரஞ்சு நிறத் துண்டு இப்படி வெளியூரிலிருந்து ஜப்பானுக்குள் போனது.

அதைவிட என்னை உட்காரவைத்தது சூரையின் கதை. எடோ காலத்தில் சூரை என்றால் அவர்களுக்கும் இளப்பம். சீக்கிரம் கெட்டுப்போகும். சிவப்புச் சதையை சோயா சாஸில் ஊறப்போட்டு எப்படியோ தின்பார்கள். வயிற்றுக் கொழுப்பை எறிந்துவிடுவார்கள். பூனைகூடத் தாண்டிப் போகும் மீன் என்று அதற்கு ஒரு சொல்லே வைத்திருந்தார்கள். அந்த வயிற்றுத் துண்டுதான் இன்று டோரோ, சுஷிக் கடையில் தலைவிலை அதற்குத்தான். இடையில் வந்தது ஐஸும் குளிர்பதனமும். 1972-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து சூரையை விமானத்தில் டோக்கியோவுக்கு ஏற்றினார்கள். அதற்கு முன்பு அந்தத் தீவில் விளையாட்டுக்காகப் பிடித்துப் போட்டோ எடுத்துவிட்டுப் புதைத்துவிடுவார்களாம். ஜப்பான் ரேடியோவையும் கேமராவையும் அமெரிக்காவில் இறக்கிய விமானங்கள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன, அதில் மீன் ஏறியது. 2019 ஜனவரி முதல் ஏலத்தில், டோக்கியோவின் டொயோசு சந்தையில், 278 கிலோ புளூஃபின் சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. நம் பணத்தில் அப்போது இருபது கோடிக்கு மேல். புத்தாண்டு ஏலம் விளம்பரத்துக்கானது, மற்ற நாளில் அந்த விலை இல்லை. இருந்தாலும் பூனை தாண்டிய மீன்.

அந்த புளூஃபின் நம் பக்கம் வருவதில்லை. அதன் தம்பி தங்கைகள் நம் கடலில் இருக்கின்றன. அந்தச் சூரைக்கு எங்கள் வீடுகளில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். ‘சூரை தின்னால் அரிக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதே.’ என் மாமியார் சொல்வார், நானும் சொல்லியிருக்கிறேன். ஏன் அரிக்கிறது என்பது கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சூரை, காணாங்கெளுத்தி போன்ற மீன்களைச் சூட்டில் போட்டுவைத்தால் கிருமிகள் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற ஒன்றை உண்டாக்கும். மூக்குக்குத் தெரியாது. ஒருமுறை உண்டாகிவிட்டால் குழம்பாகக் கொதித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, பிறகு ஐஸில் போட்டாலும் போகாது. தின்றவருக்கு முகம் சிவக்கும், தடிப்புத் தடிப்பாக வரும், தலை வலிக்கும். மீன் என்றாலே ஒவ்வாதவர்கள் உண்டு, அது வேறு. எங்கள் வீட்டில் அரித்ததெல்லாம் வெயிலில் கிடந்த சூரைதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஜப்பான்காரர். 1988 வாக்கில் இரண்டு சீசன் சரக்கைப் பார்க்க வந்தார். ஜப்பான் ஐயா என்போம். தமிழில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை ‘சீக்கிரம்’. லாரி வந்து நின்றதும் மேலே இருக்கிற இறாலைப் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை கையை ஐஸுக்குள் விட்டு, பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் முதுகில் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்துவார். ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது அவர் கணக்கு. எங்கள் ஆட்கள் மேலே ஒரு கை தூவிவிட்டு ‘ஐஸ் போட்டாச்சு’ என்பார்கள். ஒரு நாள் அவரே மண்வெட்டியை வாங்கி அடுக்கிக் காட்டினார். அடியில் ஐஸ், அதன்மேல் இறால், மறுபடி ஐஸ், மறுபடி இறால், மேலே மூடாக்கு ஐஸ். கடைசியில் பெட்டிக்கு அடியிலிருக்கும் ஓட்டையை விரலால் குத்திக் காட்டினார், உருகின தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பார்த்ததை இன்றுவரை மறக்கவில்லை.

மதியம் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். மீன் வடிவத்தில் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பி, அதற்குள் சோயா சாஸ். ஒருமுறை மரத்தூள் மாதிரி ஏதோ சீவல் கொண்டுவந்து வெந்நீரில் போட்டு வடித்துக் கொடுத்தார். குடித்ததும், “இது மாசி” என்றேன். மண்ணடியில் என் சிநேகிதி வீடு, கீழக்கரைக்காரர்கள், மாசிச் சம்பல் அரைத்துக் கொடுப்பார்கள். சூரையை வேகவைத்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரி காயவைத்தெடுப்பது மாசி. மாலத்தீவு, லட்சத்தீவுச் சரக்கு. ஜப்பான்காரர்கள் அதே சூரையை அதேபோல் செய்து, நல்ல ரகத்துக்குப் பூஞ்சணமும் ஏற்றி, கட்சுவோபுஷி என்கிறார்கள். அதையும் கொம்பு என்ற கடற்பாசியையும் போட்டு வடிக்கிற நீர்தான் அவர்கள் சமையலுக்கு அடித்தளம். அந்தப் பாசியிலிருந்துதான் 1908-ல் இகேதா என்ற பேராசிரியர் உமாமி என்ற ருசியைப் பிரித்தெடுத்தார், அடுத்த வருஷமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் தெரு முனை ஃபிரைட் ரைஸ் வண்டியில் கரண்டி நுனியில் தூவுகிறார்களே, அதேதான். மண்ணடியில் இருப்பதைத் தெரிந்துகொள்ள டோக்கியோ வரை போகவேண்டி இருக்கிறது, என்ன செய்வது.

ஜப்பான் ஐயா போன பிறகு கம்பெனியில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு தரம் லாரி வழியில் நின்று ஐஸ் முக்கால்வாசி உருகி வந்தது. தலைப்பக்கம் வாடை அடிக்கிறது என்று நாங்கள் நாலு பெண்கள் சொன்னோம். “கழுவிப் போடுங்கம்மா, உறைஞ்சா யாருக்குத் தெரியும்” என்றார் மேலே இருந்தவர். அங்கே தெரிந்துவிட்டது. விலையைக் குறைத்துவிட்டார்கள். கிரேடிங் சரியில்லை என்று எங்களுக்குக் கிறிஸ்துமஸ் போனஸ் கிடையாது என்றார்கள். அவரை இன்றும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்க்கிறேன், அதனால்தான் பெயரைப் போட வேண்டாம் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன்.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். என் நாத்தனார் இன்னும் மீன் விற்கிறாள். விடிகாலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய், கூடை எடுத்து, ஏழு மணிக்குத் தெரு முனையில் உட்காருவாள். பத்து மணிக்கு மேல் வெயில். அடிக்கடி தண்ணீர் தெளிப்பாள். தண்ணீர் தெளித்தால் மீன் பளபளக்கும், குளிராது. போன கோடையில் நான் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், அடியில் ஓட்டை போட்டு. ஜப்பான் ஐயா காட்டியபடி அடுக்கினோம். மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்த சங்கராவின் செவுள் காலையில் இருந்த அதே சிவப்பு. சதையில் விரல் அழுத்தினால் பள்ளம் நிற்கவில்லை. ஆனால் வந்தவர்கள் பெட்டியைப் பார்த்ததும், “ஐஸ் மீனா? நேத்து மீனா?” என்று அடுத்த கூடைக்குப் போய்விட்டார்கள். அடுத்த கூடையில் அதே ஏலத்தில் எடுத்த மீன் ஐந்து மணி நேரமாக வெயிலில் கிடந்தது. நாலு நாளில் அவள் பெட்டியை ஓரங்கட்டிவிட்டாள். இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது.

ஐஸ் வைத்த மீன் பழசு என்கிற பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விற்காத மீனைக் கடைசியில் ஐஸில் போட்டு மறுநாள் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட பிறகு ஐஸ் வைத்து என்ன பயன்? பிடித்த உடனே வைக்க வேண்டும். ஜப்பானில் நல்ல மீனை வலையிலேயே துடிக்க விடுவதில்லை. மூளையில் ஒரு குத்து, ரத்தத்தை வடித்து, முதுகுத்தண்டில் கம்பி விட்டு, ஐஸ் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்கள். இகேஜிமே என்று பேர். துடித்துத் துடித்துச் சாகும் மீன் சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் தளரும். அவ்வளவு தூரம் நம்மூர்ப் படகுக்காரரிடம் கேட்கவில்லை. உங்கள் கட்டத்தில் ‘ஐஸ் வைத்த மீனைத் தவிர்க்கவும்’ என்பதற்குப் பதில் ‘எப்போது ஐஸ் வைத்தீர்கள் என்று கேளுங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள்’ என்று போட்டிருந்தால் போதும். டொயோசுவில் வாலை வெட்டி வெட்டுவாயில் டார்ச் அடித்து, ஒரு துளி சதையைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்க்கிறார்கள். எங்கள் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்ததும் அதே வேலைதான்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் காசிமேட்டில் மீன் வாங்கி வீட்டில் சுஷி செய்யக் கிளம்பிவிடப் போகிறார்கள். பச்சையாகத் தின்னும் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும், அல்லது மைனஸ் 35-ல் உறைய வைத்து 15 மணி நேரம். புழுவைக் கொல்வதற்கு. வீட்டு ஃபிரிட்ஜ் அதற்கு நம்பிக்கையில்லை. இறாலை வேகவைத்தோ வெள்ளரிக்காயை வைத்தோ செய்துகொள்ளட்டும், அதுவும் சுஷிதான்.

உங்கள் நிருபரை ஒரு நாள் காலை மூன்று மணிக்கு அனுப்பி வையுங்கள். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் தவிர என்றைக்கு வேண்டுமானாலும் சரி. நாத்தனாரிடம் சொல்லி வெங்காயத்தைக் கொட்டிப் பெட்டியைக் கழுவி வைக்கிறேன். ரப்பர் செருப்புப் போட்டு வரச் சொல்லுங்கள், ஏலக் கூடத்தில் கால் நனையும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
காசிமேடு, சென்னை-13.